இரண்டு விரல் நுரைக்காக ஏழு வருடம்

கோயம்புத்தூரிலிருந்து நண்பன் போன் செய்தான். அடுத்த மாதம் மச்சினன் கல்யாணத்துக்குப் பெங்களூரு வருகிறானாம். "நீ எப்பவும் போவியே, அந்த பீர் கடை. அங்கேயே கூட்டிட்டுப் போடா. நல்லாத்தானே இருக்கும்?" என்றான். "இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்த 'இருக்கும்' அரைமணி நேரம் தொண்டையிலேயே நின்றது.

கடையின் பெயர் வேண்டாம். வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் மைக்ரோப்ரூவரி. 2010, 2011 வாக்கில் இந்திரா நகரிலும் லாவெல் சாலையிலும் இந்த மாதிரிக் கடைகள் திறந்தபோது வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கவே வருவார்கள். இப்போது நின்றுகொண்டே டிபன் சாப்பிடும் தர்ஷினி ஓட்டல் மாதிரி ஏரியாவுக்கு ஏரியா வந்துவிட்டது. எங்கள் ஏரியாக் கடை மாடியில் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் எஃகுத் தொட்டிகள், எட்டு குழாய்கள், மரப் பலகையில் சாக்பீஸால் எழுதிய மெனு. கொரோனாவில் மூடிக் கிடந்த மாதங்களைக் கழித்தால், ஏழு வருடமாக மாதத்துக்கு மூன்று நான்கு தடவை போகிறேன். இந்தக் காசைச் சேர்த்திருந்தால் ஒரு ஸ்கூட்டர் வந்திருக்கும் என்று மனைவி சொல்வாள். வந்திருக்கும்.

பீர் நல்ல பீர். அதில் சந்தேகமே வேண்டாம். ஹெஃபவைசன் என்று ஜெர்மன்காரர்களின் கோதுமை பீர் ஒன்று வைத்திருக்கிறார்கள். மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, ஈஸ்ட் புளிக்கும்போது தானாக வரும் வாசனை அது. நண்பனிடம் சொன்னால் "எசன்ஸ் ஊத்துறான்டா" என்பான். டாஸ்மாக்கில் "கூலிங் இருக்கா?" என்ற ஒரே கேள்வியோடு இருபது வருடம் பீர் குடித்தவன் அவன். அவனைக் குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் பிரச்சினை நுரை.

நுரை இல்லாத ஃபில்டர் காபியை நம் ஆள் தொடமாட்டான். டபராவில் ஆற்றி, டம்ளருக்கு மேல் நுரை நின்றால்தான் காபி. அதே ஆள் பீர் கிளாஸில் நுரையைப் பார்த்ததும் "ஏமாத்துறான்" என்கிறான். 330 மில்லிக்கு வரியோடு நானூறு ரூபாய் பக்கம் கொடுக்கிறவன் மில்லிக் கணக்குப் பார்க்கத்தான் செய்வான், அதுவும் நியாயம்தான். ஆனால் நுரை வெறும் காற்று இல்லை. மால்ட்டில், அதாவது முளைகட்டிய தானியத்தில், இருக்கும் புரதமும் பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்துதான் அந்தக் குமிழ்களை உடையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. வாசனையும் அந்த நுரையில் ஏறித்தான் மூக்குக்கு வருகிறது. கோதுமையில் புரதம் அதிகம் என்பதால் ஹெஃபவைசனுக்கு நுரை இன்னும் தடிமனாகவே கட்டும். இரண்டு விரல் உயரமாவது வேண்டும். இங்கே விளிம்பு வரை தட்டையாக நிரப்பிக் கொண்டுவந்து வைப்பார்கள். பார்த்தால் நேற்றுப் பிழிந்த கரும்புச்சாறு மாதிரி இருக்கும். ஊற்றும்போது வெளியேற வேண்டிய வாயு மொத்தமும் உள்ளே போய், இரண்டாவது கிளாஸுக்குள் வயிறு உப்பிவிடும்.

பரிமாறும் பையன்களில் ஒருவன் தருமபுரிப் பக்கம். அவனிடம் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நுரை வெச்சுக் கொடுத்தா பாதிப் பேரு திருப்பி அனுப்புறாங்கண்ணா. 'ஃபில் பண்ணுங்க'ன்னு சத்தம் போடுறாங்க. மேனேஜர் ஃபுல்லாவே ஊத்திடச் சொல்லிட்டார்."

அன்றிலிருந்து எனக்கு மட்டும் நுரையோடு கொண்டுவருவான். அவன் ஊருக்குப் போன வாரங்களில் மறுபடி கரும்புச்சாறு.

ஜெர்மனியில் இந்தச் சண்டையைத் தீர்க்க கிளாஸிலேயே ஒரு கோடு போட்டிருப்பார்கள். பீர் அந்தக் கோடு வரைக்கும், நுரை அதற்கு மேல். கோட்டுக்குக் கீழே ஊற்றினால் கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்பதற்கென்றே மியூனிக்கில் ஒரு சங்கம் இருக்கிறது, குறைத்து ஊற்றுவதை எதிர்க்கும் சங்கம். செக் நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், கிளாஸ் முழுக்க ஏறக்குறைய நுரையாகவே ஊற்றி அதற்குப் 'பால்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். கோடு போட்ட கிளாஸ் வாங்கலாமே என்று மேனேஜரிடம் சொன்னேன். "நல்ல ஐடியா சார்" என்றார். அது 2022-ல்.

சரி, ஊற்றுவது மட்டும்தான் காரணமா என்றால் இல்லை. தருமபுரிப் பையன் நுரையோடு கொண்டுவரும் கிளாஸிலும் சில நாள் அது மேசைக்கு வருவதற்குள் இறங்கிவிடும். கிளாஸின் உள்பக்கம் குமிழ்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். பீருக்குள் குமிழ் அப்படி ஒட்டினால் கிளாஸில் அழுக்கோ எண்ணெயோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சனிக்கிழமை பொறுமை போய்விட்டது. காலி கிளாஸ் ஒன்று கேட்டு வாங்கி, தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்து உதறிவிட்டு, மேசையில் இருந்த உப்பு டப்பாவை எடுத்து உள்ளே தூவினேன். சுத்தமான கிளாஸ் என்றால் உப்பு எல்லா இடத்திலும் சமமாக ஒட்டும். எனக்கு வந்த கிளாஸில் உப்பு ஒரு பக்கம் படிந்தது, இன்னொரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கையாக நின்றது. மனைவி மெனு கார்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைக்காரர் நான் ஏதோ மாந்திரீகம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்த வழுக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கடையில் பீருக்கு அடுத்து, சில நாள் பீரை விடவும், நல்லது சிக்கன் கீ ரோஸ்ட். குந்தாப்புராப் பக்கத்துச் சமையல். பேடகி மிளகாயின் சிவப்பு, புளிப்பு, தட்டில் ஓரமாகப் பிரிந்து நிற்கும் நெய். நீர் தோசையில் துடைத்துச் சாப்பிட்டால் தட்டைக் கழுவவே வேண்டாம். ஆனால் கழுவுகிறார்கள். கழிவறைக்குப் போகும் வழியில் சமையலறைக் கதவு திறந்திருந்தபோது பார்த்தேன். நெய்த் தட்டும் பீர் கிளாஸும் ஒரே தொட்டியில், ஒரே ஸ்பாஞ்சில். கொழுப்புப் பட்டால் நுரை நிற்காது. கையில் நெய்யோடு கிளாஸைப் பிடிப்பதும், நெய் உதட்டோடு வாய் வைப்பதும் அதே வேலையைத்தான் செய்யும். ஆகவே பாதிப் பழி என் உதட்டுக்கு. மீதி அந்த ஸ்பாஞ்சுக்கு.

போன பிப்ரவரியில் குழாய்களைக் குளிர வைக்கும் இயந்திரம் கெட்டுப்போனது. வழியிலேயே சூடேறிய பீர் குழாயைத் திறந்ததும் பொங்கிப் பொங்கி வெறும் நுரையாக வந்தது. நான் கேட்டதைக் கடவுள் தப்பாகப் புரிந்துகொண்டு கொடுத்த மாதிரி. பார் பையன் ஸ்பூனால் நுரையை வழித்து வழித்துக் கொட்டினான், மேசைக்கு மேசை சண்டை. பத்து நாளில் ரிப்பேர் முடிந்தது. பீர் வரும் பைப்புகளையும் மாற்றினார்கள், வந்த டெக்னீஷியன் கிளாஸ்களுக்குத் தனித் தொட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார். அதன் பிறகு ஐந்து வாரம். என்ன சொல்ல. இரண்டு விரல் நுரை, வெள்ளை வெளேரென்று. ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் கிளாஸில் ஒரு வளையம் படியும். குடித்து முடித்ததும் எத்தனை வாயில் குடித்தோம் என்று எண்ணிவிடலாம். எனக்கு ஒன்பது. மனைவிக்குப் பதினாறு.

அப்புறம் ஏப்ரலில் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டார்கள். கூட்டம் அள்ளியது. கூட்டம் வந்ததும் "ஃபில் பண்ணுங்க" வந்தது, தனித் தொட்டி காய்கறி கழுவும் தொட்டியானது, கரும்புச்சாறு திரும்பிவிட்டது. இந்தச் சலுகையில் நானும் குடித்தேன் என்பதை மறைக்கவில்லை.

மற்றதெல்லாம் குறையில்லை. பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்ப்பதில்லை. அது கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதையே உறுதி செய்தது. ஆனாலும் இன்னும் போட்டுப் பார்க்கும் கடைகள் உண்டு. இவர்கள் அந்த வேலை செய்வதில்லை. வெள்ளிக்கிழமை டிஜே வந்தால் காது போகும், அன்றைக்குப் போகாமல் இருந்தால் சரி. ஞாயிறு மதியம் மட்டும் குடகு பந்தி கறி போடுகிறார்கள். கச்சம்புளியின் கறுப்புப் புளிப்பில் ஊறிய பன்றி இறைச்சி, பக்கத்தில் அரிசியில் பிடித்த உருண்டை உருண்டையான கடம்புட்டு. அதோடு அவர்களுடைய ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர். அதை மட்டும் நைட்ரஜன் சேர்த்து ஊற்றுகிறார்கள், பொடிப் பொடிக் குமிழ், பாலாடை மாதிரி நிற்கும் நுரை. அதை ஒழிக்க இவர்களால் முடியவில்லை. ஏழு வருடத்தில் பந்தி கறி ஒருநாள்கூடச் சுமாராக இருந்ததில்லை. பெங்களூரில் வேறு எங்கேயும் இவ்வளவு நன்றாக நான் சாப்பிட்டதில்லை.

நேற்று சாயங்காலம், நண்பன் போன் செய்த சூட்டோடு, போய்ப் பார்த்தேன். தருமபுரிப் பையன் இல்லை, வேறு கடையில் சேர்ந்துவிட்டானாம். ஹெஃபவைசன் வந்தது. விளிம்பு வரை, தட்டையாக. முகர்ந்தேன். வாழைப்பழம் இல்லை, கிராம்பு இல்லை, பாத்திரம் கழுவும் சோப்பின் எலுமிச்சை வாசனை. கிளாஸ் விளிம்பில் யாருடைய லிப்ஸ்டிக்கோ அரை நிலா மாதிரி ஒட்டியிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டேன். உடனே மாற்றித் தந்தார், மன்னிப்பும் கேட்டார், மசாலாக் கடலை ஒரு தட்டு இலவசமாக அனுப்பினார். கடலை நன்றாக இருந்தது. மாற்றி வந்த கிளாஸ் இன்னும் நிறைய, இன்னும் தட்டையாக இருந்தது. மன்னிப்போடு சேர்த்து ஊற்றியிருக்கிறார்கள்.

எத்தனை ஸ்டார் என்று கேட்டால் இரண்டு. பந்தி கறிக்கு ஒன்று, அந்த ஐந்து வாரத்துக்கு ஒன்று. அவ்வளவு புகழ்ந்துவிட்டு இரண்டுதானா என்றால், ஆமாம், நேற்று அந்த கிளாஸோடு உட்கார்ந்திருந்தவனிடம் அவ்வளவுதான் இருந்தது.

நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்: "அங்கே வேண்டாம்டா, இந்திரா நகர்ல வேற இடம் பார்க்கிறேன்." ஏழு வருடமாக அவனிடம் அந்தக் கடையைப் பற்றி அளந்திருக்கிறேன். அவன் முன்னால் அந்தக் கரும்புச்சாறு வந்து உட்கார்ந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நாளை மறுநாள் ஞாயிறு. பந்தி கறி இருக்கும். நான் மட்டும் போய்க்கொள்கிறேன்.