நூலக மின்சேவை: ஆறு மாதம் பயன்படுத்தியபின்

எல்லாம் திரையிலேயே கிடைக்கும் என்று சொல்லித்தான் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு மாடி அலமாரிகளைக் காலிசெய்து மேசையும் பிளக் பாயின்ட்டும் போட்டார்கள். ஆய்வேடு எழுதும் சாக்கில் ஆறு மாதமாக அந்த மின்சேவையோடுதான் குடித்தனம்.

பழைய ஆய்விதழ்களைத் திரையில் தரும் ஜேஸ்டோர் ஒன்றுக்காகவே கும்பிடலாம். பழைய இதழ்த் தொகுதிகள் அலமாரியை அடைக்கின்றன என்ற தலைவலிக்கு மருந்தாக 1995இல் வந்தது அது. நள்ளிரவில் படுத்தபடியே 1920களின் கட்டுரையை அடிக்குறிப்பு விடாமல் படிக்க முடிகிறது.

மின்னூல்கள்தான் படுத்துகின்றன. பலவற்றுக்கு ‘ஒரு நேரத்தில் ஒருவர்’ உரிமம். வெறும் கோப்புதான், ஆனாலும் வேறு யாரோ எடுத்துப்போய்விட்டார்களாம். வரிசையில் நான் மூன்றாவது ஆள். இன்னொரு நூல், பாதிக் குறிப்பெடுத்த நிலையில், மாதக் கடைசியில் பட்டியலிலிருந்தே மறைந்தது. நூலகரிடம் போய்ப் புலம்பினேன். “அச்சு நூலை வாங்கினால் நம்முடையது. இதில் நிரந்தர உரிமை என்று தனியாக எழுதி வாங்காவிட்டால் வாடகைதான்” என்றார். சந்தாத் தொகை கட்டுபடியாகாமலும், திறந்த அணுக்கம் (கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கும் வசதி) கேட்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகமே 2019இல் எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தை விட்டு விலகியதையும், 2021இல்தான் உடன்பாடு வந்ததையும் அவர்தான் சொன்னார். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி!

என்னை உண்மையில் கடுப்பேற்றியது ஒரு வரைபடம். பழைய பயண நூல் ஒன்றின் ஸ்கேன்; நூலுக்குள் மடித்து ஒட்டிய வரைபடத்தைப் பிரிக்காமலே படமெடுத்திருந்தார்கள். தெரிந்தது பாதி ஆறு, ஒரு மலையின் நுனி, ஓரத்தில் ரப்பர் உறை மாட்டிய விரல். எனக்கு வேண்டியது அந்த ஆற்றின் மீதிப் பாதி.

நல்லவேளை, அச்சுப்படியைக் கழித்துவிடாமல் கிடங்கில் வைத்திருந்தார்கள். விண்ணப்பம் போட்டு இரண்டாம் நாள் கைக்கு வந்தது. மடிப்பு மடிப்பாகப் பிரித்தால் அரை மேசைக்கு விரிகிறது. நூலாசிரியர் போன வழி சிவப்புக் கோட்டில் கடல்வரை ஓடுகிறது. மடிப்புகள் நைந்திருந்ததால் நூலகர் பக்கத்திலேயே நின்றார்.

மின்னூலுக்கு ஐந்தில் இரண்டு, இதழ்களுக்கு நாலரை. கிடங்குக்கு முழுசாக ஐந்து, அதை மூடும் பேச்சு அடிபடுவது தெரிந்தேதான் போடுகிறேன். வரைபடத்தை இரண்டு துண்டாகப் படமெடுத்து நூலகர் அட்டவணையில் சேர்த்துவிட்டார். அதில் விரல் இல்லை.