ஏலகிரியா, ஜவ்வாதா, பொன்னையாற்றங்கரையா: பை கட்டிய சைக்கிளுக்கு எது தோது?

வேலூர்ப் பக்கம் சைக்கிள் பயணம் என்ற பேச்சை எடுத்தாலே முதலில் வந்து விழுவது ஏலகிரி. மேலே ஏரி, வழியில் 14 கொண்டை ஊசி வளைவு, இறங்கி வந்தால் வாணியம்பாடி பிரியாணி. ஒரு காலைப் பொழுதுக்கு இது போதும். பின்கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் ஊர் ஊராகப் போக நினைக்கிறவருக்கு ஏலகிரியை மூன்றாவது இடத்தில்தான் வைக்க முடியும். முதலிடத்துக்கு ஜவ்வாது மலையும் பொன்னையாற்றுப் பள்ளத்தாக்கும் போட்டி போடுகின்றன. 1989-லும் 2019-லும் மாவட்டங்களைப் பிரித்த பிறகு இந்த மூன்றும் நான்கு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. எல்லாமே பழைய வட ஆற்காடுதான்.

ஏலகிரி: ஏறுவதற்கு நல்லது, போவதற்கு இடமில்லை

ஜோலார்பேட்டை சந்திப்பில் இறங்கினால் அடிவாரமான பொன்னேரி பக்கம்தான் (சென்னைக்கு அருகிலுள்ள பொன்னேரி வேறு, செயலியில் தேடும்போது கவனம்). அங்கிருந்து மேலே சுமார் 13, 14 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறக்குறைய 700 மீட்டர். சராசரிச் சரிவு 5 சதவீதத்தை ஒட்டி வரும். எண்ணில் பயமில்லை, ஆனால் வளைவின் உள்விளிம்பில் அது இரட்டிப்பாகும். நாம் இடப்பக்கமாக ஓட்டுவதால், ஏறும்போது இடது வளைவு ஒவ்வொன்றிலும் அந்தச் செங்குத்தான உள்விளிம்புதான் நமக்கு வரும். வளைவு தொடங்கும் முன்பே முன்பக்கச் சின்னப் பல்லுக்கு மாற்றிவிட வேண்டும். நடு வளைவில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் நழுவும், அல்லது அதன் முள் வளையும். வலது வளைவில் சரிவு தாராளம், அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாரி, காரி என்று படிக்கும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தால் உங்கள் கியர் சரியாக இருக்கிறது என்று பொருள்.

குறை என்னவென்றால், ஏறிய வழியிலேயேதான் இறங்க வேண்டும். வார இறுதியில் கார்களும் வேன்களும் வரிசை கட்டும். பழைய கோயில், கல்வெட்டு, ஆற்றங்கரை என்று வண்டியை நிறுத்திப் பார்க்கும் சங்கதிகள் வழியில் அனேகமாக இல்லை. செவ்வாய், புதன் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி, பத்துக்குள் இறங்கிவிடுகிறவருக்கு அருமையான பாதை. பையோடு போவானேன்?

ஜவ்வாது: ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கலாம்

மலையைக் குறுக்காகக் கடக்க முடிவதுதான் ஜவ்வாதின் பலம். வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், போளூர் என்று போகலாம். திரும்பி வர வேண்டிய கட்டாயமே இல்லை.

எந்தத் திசையில் போவது என்பதில் பலர் யோசிப்பதில்லை. வாணியம்பாடிப் பக்கம் தரையே உயரம். போளூர் அதைவிட நன்றாகத் தாழ்ந்து கிடக்கிறது. காவலூர் 725 மீட்டர். ஆகவே ஆலங்காயம் வழியாக ஏறினால் ஏற்றம் குறைவு, போளூர்ப் பக்கம் இறக்கம் நீளம். எதிர்த்திசையில் வந்தால் அந்த நீள இறக்கமே நீள ஏற்றமாகி, வெயில் ஏறும் நேரத்தில் காட்டுக்குள் ஆளை அசத்திவிடும். பலமான கால் உள்ளவர்கள் அதையும் விரும்பிச் செய்வார்கள். பை இருப்பவர்களுக்கு வேண்டாம்.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-லிருந்து இயங்குகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். மேகமூட்டத்தையும் அனுமதி நேரத்தையும் முன்னதாக விசாரித்துவிட்டு நாளைக் குறியுங்கள். ஜமுனாமரத்தூரில் தங்க இடம் உண்டு, எண்ணிக்கை குறைவு. கோடை விழாச் சமயத்தில் அறை கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. சாமை, புளி, தேன், பலா எல்லாம் அங்கே மலிவு. ஆனால் பையில் இடம் பார்த்து வாங்குங்கள், ஐந்து கிலோ புளி போளூர் இறக்கத்தில் பிரேக்கைச் சோதிக்கும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். ஆலங்காயத்தை விட்டால் கடைகள் தூரம் தூரமாகத்தான் வரும். பகலிலேயே ஊர் சேர்ந்துவிட வேண்டும். கரடி நடமாடும் காடு இது, அந்தி சாய்ந்த பிறகு விளக்கு வெளிச்சத்தை நம்பி ஓட்டும் இடமில்லை.

இரண்டாம் நாள் போளூரில் இறங்கிய பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. வடமாதிமங்கலம் பக்கம் திருமலை: குன்றின் மேல் 16 மீட்டர் உயர நேமிநாதர் என்ற சமணத் தீர்த்தங்கரர் சிலை, அடிவாரத்தில் குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயில், முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி பொறித்த பாறை. சந்தவாசல் பக்கம் படவேடு: சம்புவராயர்களின் தலைநகர், ரேணுகாம்பாள் கோயில், வயலுக்கு நடுவே யோக ராமர் கோயில். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் பேராசைப்பட்டால் இரண்டுமே அரைகுறையாகும். கல்வெட்டும் சிற்பமும் பிடித்தவர் திருமலைக்குப் போகட்டும். நேராக வேலூர் வரை மிதிக்க நினைப்பவருக்குப் படவேடு, கண்ணமங்கலம் வழி வசதி.

பொன்னையாறு: மலையைப் பார்த்துக்கொண்டே சமதரையில்

கியர் இல்லாத சைக்கிளுக்கும், முதல்முறை பை கட்டுகிறவருக்கும் இதுதான். காட்பாடி, திருவலம், மேல்பாடி, வள்ளிமலை, சோளிங்கர். மறுநாள் பாணாவரம், மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், ஆற்காடு, வேலூர். மொத்தம் சுமார் 130 கிலோமீட்டர். சோளிங்கர் கோயில் ஊர் என்பதால் அறைக்குப் பஞ்சமில்லை.

நேரக் கணக்குதான் இங்கே முக்கியம். திருவலம் வில்வநாதேஸ்வரர் கோயில் நண்பகலில் நடை சாத்தும், எனவே காலையிலேயே முடித்துவிட வேண்டும். நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி நிற்பதை அங்கே பார்க்கலாம். மேல்பாடியில் ஆற்றங்கரையோரம் இரண்டு கற்றளிகள். அதில் சோளேச்சரம், ஆற்றூரில் இறந்த தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் எடுத்த பள்ளிப்படை. அவசரப்பட்டு வள்ளிமலைக்குப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூன்று பாதைகளிலும் சேர்த்து, ஒரே ஒரு இடத்தில்தான் நிறுத்த முடியும் என்றால் நிறுத்த வேண்டியது இங்கேதான். வள்ளிமலையில் சமணக் குகைச் சிற்பங்களுக்கு வெயில் தாழ்ந்த பிறகு ஏறுவது நல்லது, பாறை சுடாது.

மறுநாள் மகேந்திரவாடி. ஒற்றைப் பாறையைக் குடைந்த முதலாம் மகேந்திரவர்மனின் மகேந்திர விஷ்ணுகிருகம், மகேந்திர தடாகத்தின் கரையில் எழுந்ததாக அதன் கல்வெட்டே சொல்கிறது. ஏரியும் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்கரை. ஆற்காட்டில் மக்கன் பேடா. மிச்சமிருக்கும் தூரத்துக்கு ஒன்று போதும், இரண்டு சாப்பிட்டால் தூக்கம் வரும்.

காற்றையும் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் வடகிழக்குக் காற்று. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது கிழக்கே போய், மறுநாள் மதியம் காவேரிப்பாக்கத்திலிருந்து மேற்கே திரும்பினால் காற்று முதுகில் தள்ளும். ஆனி, ஆடியில் மேல்காற்று, அப்போது சுற்றைத் தலைகீழாக்கிவிடுங்கள்.

இந்தப் பாதையின் ஆபத்து தரைப்பாலங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணல்மேடாகக் கிடக்கும் பாலாறும் பொன்னையும் மழைக்காலத்தில் ஒரே இரவில் மாறும். 2021 நவம்பர் வெள்ளம் தெரிந்ததே. முழங்கால் அளவு ஓடும் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதும் கூடாது. சக்கரமும் பையும் தண்ணீரைத் தடுத்து, ஆளைச் சேர்த்து இழுக்கும். சுற்றிக்கொண்டு பெரிய பாலத்துக்குப் போங்கள்.

கியர், பிரேக், முள்

வண்டி, ஆள், பை எல்லாம் சேர்த்து 90 கிலோ, டயர் 700×35 என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 28 பல், பின்னால் 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வேகத்தில் ஏலகிரியை உட்கார்ந்தே ஏறலாம். முன்னால் 42, பின்னால் 28 மட்டுமே என்றால் அதே மிதிக்கு 11.7 கிலோமீட்டர் போயாக வேண்டும். அவ்வளவு சக்தி பெரும்பாலோருக்கு இருக்காது, மிதி 35-க்குக் குறையும், முழங்கால் பேசும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஏலகிரியும் ஜவ்வாதும் வேண்டாம், பொன்னைதான்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடாகி, டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் இரண்டையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவில் விடுங்கள். பிரேக் கட்டையில் பள்ளக்கோடு மறைந்திருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பஞ்சருக்குக் காரணம் கிராமத்துச் சாலையில் சீமைக்கருவேல முள், நெடுஞ்சாலையோரம் லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பி. டியூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முள்ளின் நுனி துணியில் மாட்டும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போகும். ஒட்டும்போது சொல்யூஷன் நன்றாக உலர ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் வெயிலில் கழன்றுகொள்ளும்.

கிராமத்துக் கடையில் 700 டியூப் கிடைக்காது. கிடைப்பது கியரில்லாத சாதாரணச் சைக்கிளின் 28×1½. அதன் டயர் நம் ரிம்முக்குச் சேராது, டியூபை மட்டும் அவசரத்துக்கு மாட்டலாம். அதுவும் ரிம் துளை கார் வால்வுக்கான 8 மில்லிமீட்டராக இருந்தால்தான். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கான 6 மில்லிமீட்டர் துளையில் நுழையாது. அதனால் அப்படிப்பட்ட ரிம் உள்ளவர்கள் இரண்டு டியூப் கையோடு கொண்டு போக வேண்டும். பை கட்டினால் பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்தான் முதலில் உடையும். அதே நீளத்தில் மூன்று ஸ்போக், ஒரு ஸ்போக் சாவி, ஃப்ரீவீல் கழற்றும் கருவி மூன்றும் சேர்ந்து இருக்கட்டும். கடைசியானது இல்லாமல் அந்தப் பக்கத்து ஸ்போக்கை மாட்டவே முடியாது.

முடியாமல் போனால் ரயில்

மூன்றுக்கும் பக்கத்தில் தண்டவாளம் உண்டு, பெயர்ப் பலகைதான் ஏமாற்றும். சோளிங்கர் ரயில் நிலையம் சோளிங்கரில் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது. ஆரணி ரோடு நிலையம் இருப்பது களம்பூரில். திருமலைக்குப் போனவர்கள் வடமாதிமங்கலத்தில் ஏறலாம். காட்பாடி, ஜோலார்பேட்டை போன்ற பெரிய நிலையங்களில் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்யலாம். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, பைகளைத் தனியே கையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நிலையங்களில் ஒரு நிமிடம்தான் வண்டி நிற்கும். பை மாட்டிய சைக்கிளோடு அங்கே ஏற நினைப்பதைவிட, அடுத்த பெரிய நிலையம் வரை மிதித்துவிடுவது சுலபம்.