வார்பரின் குடிப்பவர்கள் கால் நோவுக்குக் கடையில் குளிசை வாங்காதீர்கள்

வன்னியில் வார்பரின் (இரத்தம் கட்டாமலிருக்கத் தரும் குளிசை) குடிக்கிறவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இதை வாசிக்க வேண்டும்.

காலில் இரத்தம் கட்டியதால் என் மாமி வார்பரின் குடிக்கிறா. அண்மையில் அதே கால் திரும்ப உளையத் தொடங்கியது. மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறுவது அவவுக்குச் சிரமம் என்பதால் ஏ9 ஓரத்து மருந்துக்கடை ஒன்றில் கேட்டோம். கிளினிக் கொப்பியை மேசையில் வைத்து, இரத்தம் கட்டாமலிருக்கக் குளிசை குடிக்கிறா என்றும் சொன்னேன். கடைக்காரர் கொப்பியைத் திறக்கவே இல்லை. "இது வாதம் அம்மா. இதைக் குடிச்சிட்டு எண்ணெய் போட்டு நல்லா உருவிவிடுங்கோ" என்று, பெயர் எழுதாத கடதாசி உறையில் மூன்று நிறக் குளிசைகள் தந்தார். பில் இல்லை.

சில நாளில் முரசால் இரத்தம் வந்தது. கையில் கண்டல். பிறகு மலம் தார் போலக் கறுத்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் அளவு) 5ஐத் தாண்டியிருந்தது. மிச்சக் குளிசைகளில் ஒன்று டைக்குளோபினாக் என்ற நோ மருந்து என்றார் டொக்டர். அது வயிற்றைப் புண்ணாக்கும். வார்பரின் குடிக்கிறவருக்கு அந்தப் புண்ணிலிருந்து கசியும் இரத்தம் இலேசில் நிற்காது. மற்ற இரண்டும் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை.

உருவச் சொன்னதை நினைக்க இன்னும் ஆத்திரம் வருகிறது. காலில் புது இரத்தக் கட்டி இருந்திருந்தால் அது கழன்று போய் நுரையீரலை அடைத்திருக்கலாம். நல்ல காலம், ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. பழைய கட்டி நாளத்தைப் பழுதாக்கியதால் வந்த உளைவுதான்.

கடையில் போய்க் கேட்டேன். "நான் தந்த மருந்துதான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். பில் தராத காரணம் அப்போதுதான் விளங்கியது.

வார்பரின் குடிக்கிறவர்கள் எந்த நோ மருந்தையும் கிளினிக்கில் கேட்டே எடுங்கள். பனடோல்கூட நாட்கணக்கில் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறலாம். அதற்காக வார்பரினை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் நொந்தால் கிளினிக் நாள் வரை பார்த்திருக்காதீர்கள். மருந்து குடித்தாலும் புதுக் கட்டி வரலாம். திடீரென மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.