கொப்பியை விட்டு இணையத்துக்குப் போன எங்கள் இரத்ததானப் பட்டியல்

திருகோணமலையில் இரத்ததான முகாம் வைக்கும் சின்னக் குழு ஒன்றுக்குப் பட்டியல் பார்ப்பது நான். கொப்பியில் இருந்த கொடையாளர் விபரங்களை 2022இல் இணையத்தளம் ஒன்றுக்கு மாற்றினோம். இருப்பைப் பார்ப்பது இரத்த வங்கி. ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பது நாங்கள்.

அதிகம் உதவியது வெறும் திகதிக் கணக்குத்தான். இலங்கையில் ஒருமுறை கொடுத்தவர் நாலு மாதம் பொறுக்க வேண்டும். முன்பெல்லாம் வாட்ஸ்அப்பில் "ஓ பொசிட்டிவ் அவசரம்" என்று போட்டால் போன மாதம் கொடுத்தவரும் ஓடிவருவார். இப்போது தகுதியானவர்களின் பெயர் மட்டுமே திரையில் வரும்.

எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பது அதைவிடப் பெரிய விஷயம். செங்குழியங்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். குருதிச் சிறுதட்டுகளுக்கு (பிளேட்லட்) ஐந்தே நாள்தான், அதுவும் அறை வெப்பநிலையில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாரியில் டெங்கு கூடிச் சிறுதட்டு அதிகம் தேவைப்படும்போது ஒரே ஞாயிறில் நூறு பேரைத் திரட்டினால் படம் பிடிக்க நல்லது, அவ்வளவுதான். கிழமை கிழமையாகப் பிரித்து அனுப்ப இந்தத் தளத்தோடுதான் பழகினோம்.

அடுத்த மாதம் எத்தனை பேர் வருவார்கள் என்று சொல்லும் இந்தத் தளத்தின் ஏஐ கணிப்பு எங்களை நன்றாக அலைக்கழித்தது. 2022இல் ரமழான் நோன்பு ஏப்ரலில் வந்தது. கிண்ணியா, மூதூர் ஆட்கள் பகல் முகாமுக்கு வரவில்லை. ஏப்ரல் என்றாலே ஆள் குறைவு என்று அது பிடித்துக்கொண்டது. நோன்போ வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2025இல் அது மார்ச்சுக்கு வந்துவிட்டது, தளம் மார்ச்சுக்கு நிறையப் பேரைக் காட்டிக்கொண்டு நின்றது! அதன் பிறகு நோன்புத் திகதிகளையும், மே, ஜூனில் வரும் பௌத்தப் பண்டிகைகளான வெசாக், பொசன் திகதிகளையும் தனியாக ஏற்றிக் கொடுத்தோம். இப்போது கணிப்பை நம்பலாம். வெசாக், பொசனில் கொடுத்தவர்களுக்கு நாலு மாதம் முடிவது செப்டெம்பர், ஒக்டோபரில் என்பதால், மாரிக்கு முன் யாரைப் பிடிக்கலாம் என்றும் அதுவே காட்டுகிறது.

அது எழுதித் தரும் அழைப்பைத்தான் சகிக்க முடியாது. "தங்களின் உன்னத பங்களிப்பை எதிர்நோக்குகிறோம்" என்றிருக்கும். அதை அழித்துவிட்டு, "தம்பி, நாலு மாதம் முடிஞ்சுது, வியாழன் வர ஏலுமா?" என்று அனுப்புவேன். பதில் வந்துவிடும்.

ஆர்எச் நெகட்டிவ் ஆட்கள் இங்கே மிகக் குறைவு. அவர்களின் எண் வெளியே போனால் இரவு பகலாகப் போன் அடிக்கும். அந்த எண்களைக் குழுவில் பொறுப்பானவர்கள் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைத்திருக்கிறோம். இப்படி ஒரு தளத்தை வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில் நிரப்பக்கூடிய படிவம் மட்டும் இன்னும் வரவில்லை. வெருகல் பக்கம் முகாம் என்றால் இன்றைக்கும் கொப்பிதான். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்.