பட்ஜி கூண்டுக்கு வாங்கிய வெல்டு மெஷ்

ஒரு ஜோடி பட்ஜி (சிறு கிளி வகை) பறவைகள் குஞ்சு பொரிப்பதற்கான கூண்டை வீட்டிலேயே அமைப்பதற்காக, எங்கள் ஊர் இரும்புக்கடை ஒன்றில் அரை அங்குலக் கண்ணுடைய ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வாங்கினேன். 2 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் வரும்படி மடித்து, விளிம்புகளைக் கட்டுக்கம்பியால் இணைத்ததும் கூண்டு தளராமல் நிற்கிறது; குஞ்சுகளின் தலை சிக்கிக்கொள்ளும் அளவுக்குக் கண்கள் பெரிதாக இல்லை என்பதே எனக்குப் பெரும் நிம்மதி. ஆனால், பற்றவைத்த இடங்களில் துத்தநாகம் சிறு துளிகளாகத் திரண்டிருந்தது. கம்பியைக் கொறிக்கும் இயல்புடைய இப்பறவைகளுக்குத் துத்தநாகம் நஞ்சு என்பதால், வினிகர் தடவிக் கம்பி பிரஷால் தேய்த்து, நன்கு கழுவி, வெயிலில் உலர்த்திய பிறகே முட்டையிடுவதற்கான மண்பானையை உள்ளே கட்டினேன். கடைக்காரர் இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வெட்டிய முனைகளும் மிகக் கூர்மையானவை. அரத்தால் ராவாமல் பறவைகளை உள்ளே விடக் கூடாது.