கீழக்கரிசலா, வேம்பூரா?

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் செம்மறி வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். நான் வாங்கியது கீழக்கரிசல். அதன் பக்கம்தான் பேசுவேன்.

இரண்டுமே கறிக்கு வளர்க்கும் செம்மறி இனங்கள், வெயிலும் தாங்கும். வேம்பூர் ஆடு தூத்துக்குடி, விருதுநகர் கரிசல்காட்டுக்காரன். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு, நல்ல உயரம், கிடா சுமார் 35 கிலோ. எடைக்கு விற்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

கீழக்கரிசல் சிற்றுடம்பு. கிடா 30, பெட்டை 22 கிலோ அளவில் நிற்கும். கருஞ்சிவப்பு மேனி; தலையிலும் காலிலும் கறுப்பு. வாங்கும்போது ஆட்டைச் சாய்த்து வயிற்றைப் பாருங்கள், அங்கேயும் கறுப்பு ஓடியிருக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் கழுத்தடியில் சதைத் தொங்கல் இருக்கும். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுத்த வயலில் கிடை போட்டு முடிந்ததும் வரும் கோடையில், கிடைத்ததை மேய்ந்து உடம்பு வாடாமல் நிற்கிறது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஆனால் முடிவு செய்ய வேண்டியது கிடாவை வைத்து. ஒரு கிடாவை இரண்டு வருஷத்துக்கு மேல் மந்தையில் விடக்கூடாது. அதற்குள் அதன் பெட்டைக்குட்டிகளே பருவத்துக்கு வந்துவிடும். மாற்றாவிட்டால் குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும். வேம்பூர் என்றால் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் தேடிப் பிடித்துவிடலாம். கீழக்கரிசலில் கலப்பில்லாத கிடா கிடைப்பது குதிரைக்கொம்பு. அவசரத்துக்கு ஏதோ ஒரு கிடாவை விட்டால் முதல் ஈற்றில் பாதிக் கலப்பு. அந்தப் பெட்டைகளுக்கும் அப்படியே விட்டால் முக்கால். பல மந்தைகளில் இந்த இனம் இப்படித்தான் கரைந்துபோனது. மனசு கேட்கவில்லை. அதனால் இதே இனம் வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரோடு பேசி, கிடாக்களைச் சுற்றுமுறையில் மாற்றிக்கொள்கிறோம். யார் கிடா எந்த வருஷம் எந்த மந்தைக்குப் போனது என்று நோட்டில் எழுதி வைக்கிறோம். அப்படி இரண்டு பேர் உங்களுக்கு அமையாவிட்டால் கீழக்கரிசல் வேண்டாம், வேம்பூரே வாங்குங்கள்.

குமரி மாவட்டத்தின் மேற்கே குலசேகரம், திருவட்டாறு பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே இரண்டு பருவமழையும் கொட்டும். ஈரத்தில் குளம்பு அழுகலும் குடற்புழுவும் செம்மறியை விடாது. என் அனுபவம் கிழக்கே உள்ள காய்ந்த மண்ணோடு சரி. உங்கள் பக்கம் ஆடு வைத்திருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.