உப்புத் தண்ணீரில் வெளுக்கத் துவைக்கும் மெஷின்: 14 மாத அனுபவம்

தாம்பரத்துக்குத் தெற்கே, போர் தண்ணீரை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் நால்வர் குடியிருக்கிறோம். கணவர் லாரி பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் இருவரும் வாரத்தில் இரண்டு நாள் வெள்ளைச் சீருடையில் பள்ளிக்குச் செல்ல வேண்டும். கிரீஸ் படிந்த காற்சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் ஒரே வாஷிங் மெஷின் துவைத்தாக வேண்டும், விலையும் 15,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற நிலையில்தான் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என இரட்டைத் தொட்டி கொண்ட 8 கிலோ செமி ஆட்டோமேட்டிக் ஒன்றை 12,490 ரூபாய்க்கு வாங்கி, 14 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் என் மனத்தில் இருந்தது, மேல்பக்கம் துணி போட்டால் துவைத்துப் பிழிவதைத் தானே முடிக்கும் டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக்தான். பட்டனை அழுத்திவிட்டுச் சமையலைக் கவனிக்கலாம் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது? எல்லாக் கடைகளிலும் எத்தனை பேர் வீட்டில், எவ்வளவு பட்ஜெட் என்றுதான் கேட்டார்கள். ஒரே ஒரு கடையில், நரைத்த தலையுடன் இருந்த விற்பனையாளர் மட்டும், "ஏம்மா, உங்க வீட்டுல போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா? மாடித் தொட்டி எவ்வளவு உயரத்துல இருக்கு?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விகள்தான் என் முடிவையே மாற்றின.

எங்கள் தொட்டி ஒற்றை மாடியின் மேல், கூரையை ஒட்டியே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து வரும் அழுத்தம் பல ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின்களுக்குப் போதாது. தண்ணீர் நிரம்பவே நெடுநேரம் ஆகும், சில வேளைகளில் பாதியிலேயே நின்று பிழைக் குறியீடு காட்டும். தனியாகப் பிரஷர் பம்ப் வைத்தால் செலவு கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளின் அளவு. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் பக்கெட்டின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படலத்தை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். இப்படிப்பட்ட நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் நுரை எழும்பாது; அழுக்கை இழுக்க வேண்டிய சோப்பு, துணியிலேயே பிசுக்காக ஒட்டிக்கொண்டு, கறுப்புத் துணிகளில் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும்.

செமி ஆட்டோமேட்டிக்கின் அருமை இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. தண்ணீர், சோப்பு, ஊறும் நேரம் ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் முதலில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துவிடுகிறேன். அது கடினத்தன்மையைப் பெருமளவு குறைத்துவிடும் என்பதால், அதன்பின் போடும் சோப்புத்தூள் முழுமையாக வேலை செய்கிறது. பட்டு, கம்பளித் துணிகளுக்கு இந்தச் சோடா ஆகாது. ஒரு பக்கெட் வெந்நீரைக் கலந்து, கை பொறுக்கும் சூட்டில் துணியை அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு 12 நிமிடம் ஓட விடுகிறேன். கொதிக்கும் நீரை மட்டும் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றவே கூடாது. முதலில் வெள்ளைத் துணிகள், அதே சோப்புத் தண்ணீரில் அடுத்து வண்ணத் துணிகள், கடைசியில் பட்டறைத் துணிகள். மூன்று தவணைக்கும் ஒரே சோப்புத் தண்ணீர் என்பதால் தூளும் மிச்சமாகிறது, கோடைக்காலத்தில் தண்ணீரும் மிச்சமாகிறது.

காலரின் உள்மடிப்பில் ஏறும் வியர்வை அழுக்கை மட்டும் எந்த மெஷினும் தானாக எடுத்துவிடாது என்றே நினைக்கிறேன். அந்த இடத்தில் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு ஊறவைத்தால், பிரஷ் போடாமலேயே விளிம்பு வரை வெளுத்து வருகிறது. என் மகளின் சீருடை ஓராண்டு கடந்தும் மஞ்சளாகவில்லை. கிரீஸ் கறை முற்றிலும் போகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிசுபிசுப்பு போய்விடுகிறது.

பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. இதே விலையை ஒட்டிக் கிடைக்கும் டாப் லோடுகள் பெரும்பாலும் 700 சுற்றை ஒட்டியே நிற்பதால், மழைக்காலத்தில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. துணியைச் சமமாக அடுக்கி, மேலே கொடுத்திருக்கும் வட்டத் தகட்டை அழுத்தி வைக்காவிட்டால் மெஷினே இடம்பெயரும் அளவுக்குத் தடதடவென்று ஆடும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். இந்த மெஷினில் தண்ணீரை வெளியேற்றப் பம்ப் கிடையாது. தாழ்வை நோக்கித் தானாக வடிய வேண்டும். எங்கள் குளியலறை வாசலில் நான்கு அங்குலத் திண்டு இருந்ததால் முதல் வாரம் முழுக்க அடியில் தண்ணீர் தேங்கியது; உயரமான இரும்பு ஸ்டாண்டு வாங்கி வைத்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. ஈரத் துணியைக் குனிந்து எடுத்து அடுத்த தொட்டிக்கு மாற்றுவது முதுகுவலி உள்ளவர்களுக்கு உண்மையாகவே கடினம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. மெட்ரோ தண்ணீரும் நல்ல அழுத்தமும் இருந்தால் அவர்கள் டாப் லோடு வாங்குவதே நல்லது. வெந்நீர் வசதியுடன் மிக நன்றாகத் துவைப்பது முன்பக்கக் கதவுள்ள ஃப்ரண்ட் லோடு என்பதில் ஐயமில்லை, ஆனால் அதன் விலை எங்கள் கணக்கில் ஏறத்தாழ இரு மடங்கு. உப்பு நீர் என்றால் ஹீட்டரில் கல் படியாமல் அடிக்கடி அதற்கான தூள் போட்டுச் சுத்தம் செய்யவும் வேண்டும்.

வாங்கும்போது உத்தரவாத அட்டையை நிதானமாகப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 5 ஆண்டு பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டுமே. முழு மெஷினுக்கு எத்தனை ஆண்டு, வந்து பார்க்கும் கூலி யாருடையது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடிப்பகுதியில் எலி நுழையாத தகடு உண்டா என்பதையும் மெஷினைச் சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.

துவைக்கும் தொட்டியின் அடியில் சுழன்று துணியை அலசும் தட்டான பல்சேட்டரை ஒரே ஒரு திருகுதான் பிடித்திருக்கிறது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைக் கழற்றிக் கழுவுகிறேன். முதல் தடவை அதன் கீழே இரண்டு ஹேர்பின்னும், ஓர் ஒரு ரூபாய் நாணயமும், கைப்பிடி அளவு சுண்ணாம்புச் சேறும் கிடந்தன.